பிடித்தது பிடிக்காமல் போகும்போது

ஓவியம் வரைவதில் ஆர்வம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு மனநல மருத்துவரிடம் யாரும் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், வேலையில் கவனம் நிற்கவில்லை என்றுதான் வருவார்கள். பேச்சுவாக்கில் "ஓய்வு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் சின்னத் தயக்கம். "முன்னாடி வரைவேன் டாக்டர். இப்ப பிரஷ்ஷையே தொடுறதில்ல." சொல்லிவிட்டு மறுபடியும் தூக்கத்தைப் பற்றியே பேசப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். கடைசியாக எப்போது வரைந்தீர்கள், வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்தீர்களா, தானாக நின்றுபோனதா என்று துருவிக் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. மனச்சோர்வு நோயைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டின் வரையறையில் 9 அறிகுறிகள் உண்டு. குறைந்தது 5 அறிகுறிகள் 2 வாரமாவது இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, சோகமான மனநிலையாகவோ ஆர்வமும் இன்பமும் வற்றிப்போவதாகவோ இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று போதும். அதாவது, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவருக்கும் மனச்சோர்வு இருக்கலாம். "நான் அழவே இல்லையே, எனக்கு எப்படி டிப்ரஷன்?" என்று கேட்பவர்கள் நிறைய. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் முதல் கேள்வியே ஆர்வம் குறைந்ததா என்பதுதான். சோகம் இரண்டாவதாகத்தான் வரும்.

சரி, அப்படியானால் பொழுதுபோக்கை விட்டவர்களுக்கெல்லாம் நோயா? இல்லவே இல்லை. பெரும்பாலோருக்கு அது வெறும் மாற்றம்தான். எதை வைத்துப் பிரிப்பது என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் பள்ளிக் காலத்திலிருந்து சதுரங்கம் ஆடியவர். ஒரு கட்டத்தில் போட்டிக்குப் போவதை நிறுத்தினார், பிறகு பலகையையே எடுப்பதில்லை. மனைவிக்குக் கவலை, அவர்தான் அழைத்து வந்தார். பேசிப் பார்த்தால் மனிதர் காலையில் நெடுந்தூரம் நடக்கிறார், பறவைகளைப் பார்த்துக் குறித்து வைக்கிறார், அதைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுகிறார். சதுரங்கம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கு மருந்தும் தேவையில்லை, ஆலோசனையும் தேவையில்லை. மனைவியிடம் கொஞ்சம் பேசி அனுப்பினேன்.

இன்னொருவர் நிறையப் படிப்பவர். முதலில் நாவல் நின்றது. நேரமில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் பாட்டுக் கேட்பது நின்றது, தோழிகள் போன் செய்தால் எடுப்பது நின்றது, பிடித்த சாப்பாட்டிலும் ருசி தெரியவில்லை. "பிடிக்கலைன்னு இல்ல டாக்டர், எதுக்குமே கை போக மாட்டேங்குது" என்றார். ஒவ்வொன்றாக விளக்கு அணைந்துகொண்டே வந்த வீடு போல. அந்த இடங்களில் வேறு எதுவும் வரவும் இல்லை. அவருக்கு இருந்தது மனச்சோர்வு, சிகிச்சை தேவைப்பட்டது.

ஆக, "ஏன் விட்டீர்கள்?" என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. போனது ஒன்றா, எல்லாமா? போன இடம் காலியாகவே கிடக்கிறதா? இந்த இரண்டும்தான் முக்கியம்.

இன்னொரு நுணுக்கம். ஒன்றை நாடுவதும் அதை ரசிப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். மூளையில் அவை ஓரளவு தனித்தனி ஏற்பாடுகள். கென்ட் பெரிட்ஜ் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் இனிப்பை நாக்கில் வைத்தால் முகத்தில் ரசிப்பின் அறிகுறிகள் அப்படியே இருந்தன. மனிதர்களிடமும் இதை ஒத்த ஒன்றைப் பார்க்கிறேன். கிட்டாரை எடுக்கத் தோன்றாது. யாராவது கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் ஓடும், முகம் கொஞ்சம் தெளியும். இவர்களிடம் "மனசு வந்தப்புறம் செய்யலாம்" என்று சொல்வது தவறான யோசனை, மனசு தானாக வராது. சிறிய அளவில், நேரம் குறித்து, தோன்றாவிட்டாலும் தொடங்க வைப்பதே ஒரு சிகிச்சை முறை. மிதமான மனச்சோர்வுக்கு நன்கு சோதிக்கப்பட்ட முறைகளில் அதுவும் ஒன்று. வீட்டில் இருப்பவர்கள் இதை "எழுந்து ஏதாவது செய்யேன்" என்று அதட்டுவதாகப் புரிந்துகொள்ள வேண்டாம். கூட உட்கார்ந்து பத்து நிமிடம் செய்வது வேறு, திட்டுவது வேறு.

உடம்பையும் மறக்கக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது எல்லாமே ஆர்வத்தை உறிஞ்சிவிடும். 40 வயதைத் தாண்டியவர் தையலையோ வாசிப்பையோ விட்டிருந்தால் முதலில் கண்ணாடியைச் சரிபார்க்கச் சொல்வேன். சிரிக்காதீர்கள், சில நேரம் விஷயம் அவ்வளவுதான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே சிலருக்கு உணர்ச்சிகளை மழுங்கடிப்பதும் உண்டு. அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயதானவர் ஒருவர் எல்லாவற்றிலும் அக்கறை இழந்து, அதைப் பற்றிய வருத்தம்கூட இல்லாமல் இருந்தால், பார்க்கின்சன் நோயோ மறதிநோயோ தொடங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நோயே இல்லாமல் ஆர்வம் போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், பொழுதுபோக்கு வேலையாக மாறுவது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. படம் வரைய ஆசைப்படும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். பிறகு, பரிசே இல்லாத சாதாரண நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆசைக்காகக் கேக் செய்து, ஆர்டர் எடுக்கத் தொடங்கி, ஒரு வருடத்தில் அடுப்பைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது என்பவர்களின் கதையில் இதே சாயல் உண்டு. எடுத்த படத்தைவிட அதற்கு விழுந்த லைக்குகளை எண்ணுபவர்களும் இந்த வகைதான். இவர்களுக்கு நான் சொல்வது எளிது: கொஞ்ச நாள் யாருக்கும் காட்டாமல் செய்து பாருங்கள். அதுவும் கசந்தால் விட்டுவிடுங்கள்.

விட்டுவிடுவதில்தான் பலருக்குச் சிக்கல். எவ்வளவு பணம் போட்டேன், எத்தனை வருஷம், ஊரெல்லாம் என்னை அந்தப் பெயரில்தானே தெரியும்! ஆசைக்காகத் தொடங்கிய ஒன்றுக்கு ஆயுள் ஒப்பந்தம் எதுவும் இல்லை. எட்ட முடியாத இலக்கை விட முடிகிறவர்களும் வேறொன்றைப் பற்றிக்கொள்கிறவர்களும் மனநலத்தில் மேலான நிலையில் இருப்பதை உளவியலாளர் கார்ஸ்டன் ரோஷ் குழுவினரின் 2003 ஆய்வு காட்டியது. எனவே நலமாக இருக்கும்போது, யோசித்து, கேமராவை விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மனம் தாழ்ந்திருக்கும்போது விற்பதற்குத்தான் ஆட்சேபணை. அந்த நிலையில் பழைய நினைவும் நிறம் மாறிவிடும். "எனக்கு அது எப்பவுமே பிடிச்சதில்ல" என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். சிகிச்சை தொடங்கினால் தூக்கமும் பசியும் பெரும்பாலும் முதலில் சீராகும், ஆர்வம் தாமதமாகத்தான் வரும். அதுவரை பொருளைப் பெட்டியில் போட்டு வைக்கலாம், நண்பரிடம் கொடுத்து வைக்கலாம். எரிப்பது, கிழிப்பது, அழிப்பது மட்டும் வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. சோர்ந்து கிடந்தவர் திடீரென்று தனக்கு மிகப் பிடித்த பொருள்களை "இனி எனக்கெதற்கு" என்று மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால் அதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தற்கொலை எண்ணத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.