பக்கத்து வீட்டில் பெண்ணுக்கு அடி விழுந்தால் நீங்கள் புகார் சொல்லலாமா?

"புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு வம்பு?" என்று ஒதுங்குகிறவர்கள் பலருக்கு உள்ளே இருப்பது வேறு பயம். சொல்லப்போய் நம் மேலேயே கேஸ் திரும்பிவிட்டால்?

திரும்பாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, அதன் 4-வது பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது சிவில், கிரிமினல் பொறுப்பு எதுவும் வராது. 'நடக்கக்கூடும்' என்பதைக் கவனியுங்கள். ரத்தம் வரும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை.

பாதுகாப்பு அலுவலர் யார் என்பதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே போதும். அவரே எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும். அந்த நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்திலேயே அடிதடி நடக்கிறதென்றால் அலுவலகம் தேடி அலையாதீர்கள், 112-க்கு அடியுங்கள். பெண்கள் உதவி எண் 181. வீட்டு விலாசம், அடையாளம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது இவ்வளவு சொன்னால் போதும். யார் மேல் தப்பு என்ற தீர்ப்பு உங்கள் வேலை இல்லை.

பிறகு அலுவலர் அந்தப் பெண்ணிடம் பேசி 'குடும்ப நிகழ்வு அறிக்கை' தயாரிப்பார். அந்தப் படிவத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அறைவது, உதைப்பது மட்டுமல்ல. ஆண் பிள்ளை பெறவில்லை என்று ஏசுவது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காசு தராமல் இருப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் அதில் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. மனைவி மட்டுமல்ல, அதே வீட்டில் வாழும் அம்மா, அக்கா, தங்கை, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

நீங்கள் தகவல் சொன்னதாலேயே அவள் கோர்ட்டு ஏற வேண்டியதில்லை. அவள் விரும்பினால்தான் அலுவலர் அவள் சார்பில் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடுவார். இலவச சட்ட உதவி, தங்குமிடம், மருத்துவ உதவி மூன்றும் அவளுக்கு உண்டு. மனு போட்டால் முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள் நடக்க வேண்டும். அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வீடு அவள் பேரில் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமனார் பேரில் இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே குடியிருக்கும் உரிமையை அவள் கோரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நேராகப் போய் அந்த ஆளைத் தட்டிக் கேட்பது வீரமாகத் தோன்றும். நீங்கள் திரும்பி வந்தபின் அடி வாங்கப்போவது அவள்தான். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அதைவிட மோசம். முடிந்தால் அவளைத் தனியாகப் பார்த்து, அந்த 181-ஐ மட்டும் சொல்லி வையுங்கள்.

பாதிக்கப்படுவது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, நடப்பது பாலியல் குற்றம் என்றால் கணக்கே வேறு. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098.