ஃபைபர்கிளாஸ் தொட்டி: அமெரிக்க விதி எதிலிருந்து விலக்களிக்கிறது, எதிலிருந்து அளிப்பதில்லை

அமெரிக்காவில் பெட்ரோல் நிலையம் வாங்க நினைப்பவர்கள் இடத்தையும் விற்பனைக் கணக்கையும் அலசிவிட்டு, மண்ணுக்குள் கிடக்கும் தொட்டியைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பாதுகாப்பில்லாத இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து, பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்ததால் வந்தது நிலத்தடி எரிபொருள் தொட்டிகளுக்கான அமெரிக்க விதி. 1984இல் சட்டம்; 1988இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகள்; பழைய தொட்டிகளைச் சீரமைக்கவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை கெடு.

கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்த்து வார்த்த ஃபைபர்கிளாஸ் தொட்டிதான் போட வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. மண்ணில் படும் பகுதி அரிக்கப்படக் கூடாது, அவ்வளவுதான். லேசான மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் கேத்தோடு முறையில் காக்கப்படும் இரும்புத் தொட்டி என்றால் நிறுவிய 6 மாதத்துக்குள் ஒரு சோதனை, பிறகு 3 ஆண்டுக்கு ஒன்று. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் அமைப்பாக இருந்தால் 60 நாளுக்கொருமுறை அதையும் பார்க்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் தொட்டிக்கு இவை எதுவும் கிடையாது. ஆனால் அதனுடன் சேர்த்து மண்ணில் புதைக்கும் உலோக இணைப்புக்குத் துருப் பாதுகாப்பு வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கசிவுக் கண்காணிப்பிலிருந்து ஃபைபர்கிளாஸுக்கும் விலக்கில்லை. 2016 ஏப்ரல் 11க்குப் பின் நிறுவியவற்றுக்கு இரட்டைச் சுவர் போன்ற இரண்டாம் தடுப்பு கட்டாயம். இரு சுவர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் கசிவு உண்டா என்று 30 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த எரிபொருளை நிரப்பும் முன், தொட்டி அதைத் தாங்கும் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எத்தனால் சில ரெசின்களை இளக்கிவிடும்.

110 காலன் அல்லது அதற்குக் குறைவான தொட்டி, வீட்டிலோ பண்ணையிலோ சொந்த உபயோகத்துக்கான 1,100 காலன் வரையிலான வாகன எரிபொருள் தொட்டி ஆகியவை விதிக்குள் வரா. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாகவும் விதிக்கலாம்.

தயாரிப்பாளரின் நிறுவல் குறிப்பேட்டைப் பின்பற்றுவதும் விதியின் பகுதியே. ஃபைபர்கிளாஸ் தொட்டி சுற்றியுள்ள மண்ணின் தாங்கலை நம்பி நிற்பது. கையில் கிடைத்த கல்லையும் மண்ணையும் கொட்டி மூடினால் சுவர் விரிசல் விடலாம். நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் நங்கூரமிடாத வெற்றுத் தொட்டி மிதந்து மேலே வந்துவிடும். விற்பவரிடம் நிறுவல் சான்றைக் கேட்டு வாங்குங்கள். தொட்டி உங்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தை அறிவிப்பது உங்கள் பொறுப்பு.