ஒன்றும் நடக்காத அறை ஏன் அச்சுறுத்துகிறது?

திரையின் வலப்பக்கத்தில் உள்ள கட்டிலில் ஓர் இளம் இணை உறங்குகிறது. இடப்பக்கத்தில் திறந்த கதவும், அதற்கு அப்பால் இருண்ட நடைவழியும் தெரிகின்றன. கீழ் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்க, முக்காலியில் நிறுத்தப்பட்ட கேமரா இம்மியும் அசைவதில்லை. பின்னணி இசையும் கிடையாது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற பேய்ப்படத்தில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் காட்சியில் பெரும்பாலான நேரம் எதுவுமே நடப்பதில்லை. ஆனால் அந்த ஒன்றுமற்ற நொடிகளில்தான் பார்வையாளர்கள் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

இயக்குநர் ஓரன் பெலி இந்தப் படத்தை 2006இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், தம் சொந்த வீட்டிலேயே, ஏறத்தாழ ஒரு வாரத்தில், சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்தார். 2009இல் பரவலாகத் திரைக்கு வந்த அது உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. யாரோ பதிவுசெய்த காட்சிகள் பின்னர் கிடைத்தன என்ற பாவனையில் அமையும் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' படங்களின் வெற்றிக்கு, அவை உண்மைபோல் தோற்றமளிப்பதே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம்தான். நடிகர்களின் பெயர்கள் இணையத்தில் கிடைத்துவிடும் இக்காலத்தில், கதை கற்பனை என்று நன்றாக அறிந்தவர்களும் அஞ்சத்தானே செய்கிறார்கள்? என் பார்வையில், முதன்மையான காரணம் வேறிடத்தில் இருக்கிறது: இவ்வகைப் படம், ஆபத்தைத் தேடும் வேலையைப் பார்வையாளரிடமே ஒப்படைத்துவிடுகிறது.

வழக்கமான பேய்ப்படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை இயக்குநர் சொல்லிவிடுகிறார். அண்மைக் காட்சி கண்ணை இழுத்துச் செல்கிறது, ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெட்டு திருப்புகிறது, இசை முன்கூட்டியே எச்சரிக்கிறது. அசையாத கேமராவில் இந்த வழிகாட்டிகள் எவையும் இல்லை. கதவா, போர்வையா, நடைவழியின் இருளா என்று கண் தானே அலைந்து தேட வேண்டியிருக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேய்ப்படம் பார்ப்பவர்களின் மூளையைக் காந்த அதிர்வு வரைவியல் (எம்.ஆர்.ஐ.) முறையில் பதிவுசெய்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். அச்சம் மெல்ல மெல்ல ஏறும் கட்டங்களில் பார்வை, கேட்டல் ஆகியவற்றுக்குரிய பகுதிகளின் செயல்பாடு கூடியது; திடீர் அதிர்ச்சியின்போதோ உணர்ச்சி, ஆபத்தின் மதிப்பீடு, முடிவெடுத்தல் ஆகியவற்றில் பங்கேற்கும் பகுதிகள் முனைப்படைந்தன. அதாவது, எதுவும் நடக்காத காட்சியில் மூளை ஓய்வெடுப்பதில்லை; கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு காவல் நிற்கிறது.

அவ்வாறு தீட்டப்பட்ட புலன்கள் இல்லாததையும் கண்டுபிடிக்கும். புதரில் சலசலப்பு கேட்கும்போது, காற்றைப் புலி என்று எண்ணி ஓடுவதால் வரும் நட்டம் சிறிது. புலியைக் காற்று என்று எண்ணி நிற்பதால் வரும் நட்டம் உயிர். ஆகவே தெளிவற்ற குறிகளின் பின்னால் ஓர் உயிரையும் அதன் நோக்கத்தையும் அவசரப்பட்டுக் கற்பிக்கும் இயல்பு நமக்குள் பதிந்திருக்க வேண்டும் என்று உளவியலாளர் பலர் கருதுகின்றனர். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். தரம் குறைந்த இரவுப் பதிவின் புள்ளிப் புள்ளியான இருள் இந்த இயல்புக்கு நல்ல தீனி. இருட்டில் இருக்கும்போது மனிதர்களின் திடுக்கிடல் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது என்பதைச் சோதனைகளும் காட்டியுள்ளன.

இதற்கு மேல் ஒரு கற்றலும் நிகழ்கிறது. இரவுக் காட்சிகளில் மூலையிலுள்ள கடிகார எண்கள் வேகமாக ஓடி, திடீரென இயல்பான வேகத்துக்குத் திரும்பும். தாழ்ந்த ஒரு முழக்கம் காதில் படரும். பிறகு ஏதோ நடக்கும். இரண்டு மூன்று இரவுகளுக்குள் பார்வையாளர் இந்தத் தொடர்பைக் கற்றுக்கொள்கிறார். உணவுக்கு முன் மணியோசை கேட்டுப் பழகி, பின்னர் அந்த ஓசைக்கே உமிழ்நீர் சுரந்த, ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் நாய்களைப் போலவே, எண்களின் ஓட்டம் தணிந்ததும் நமக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. இன்னொரு காட்சியில் எண்கள் மணிக்கணக்கில் ஓட, அந்தப் பெண் கட்டிலருகே நின்று, உறங்கும் துணைவனை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அங்கே அஞ்சவைப்பது அவள் செய்கை அன்று, அவள் நின்ற நேரத்தின் நீளம். அதைச் சொல்வதோ மூலையிலுள்ள வெறும் எண்கள்.

இந்த உத்தியின் மிக நுட்பமான வடிவத்தை 2011இல் வந்த மூன்றாம் பாகத்தில் காணலாம். அதில் கேமராவை, இடமும் வலமும் திரும்பும் மின்விசிறியின் அடிப்பாகத்தில் பொருத்திவிடுகிறார்கள். அது கூடத்தைக் காட்டுகிறது, மெதுவாகச் சமையலறைக்குத் திரும்புகிறது, மீண்டும் கூடத்துக்கு வருகிறது. ஒரு சுற்றில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளம்பெண்ணின் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய உருவம் ஒன்று நிற்கிறது. கேமரா எப்போது திரும்பி வரும் என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும்; வரும்போது என்ன இருக்கும் என்பதுதான் தெரியாது. காலம் உறுதி, பொருள் உறுதியில்லை என்ற இந்தக் கலவையே பதற்றத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. நம் கண் எவ்வளவு தவித்தாலும் விசிறி தன் வேகத்தில்தான் திரும்பும்.

இவ்வளவு வேதனையை விரும்பிப் போய் ஏற்பது ஏன்? உளவியலாளர் பால் ரோசின் இதற்கு விடை தேடியபோது மிளகாயை எடுத்துக்கொண்டார் என்பது, காரம் உண்டு வளர்ந்த நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. நாக்கு எரிகிறது என்று உடல் அலறுகிறது. ஆனால் எதுவும் எரியவில்லை என்று மனம் அறிந்திருக்கிறது. உடலின் அபாயக் கூக்குரலை மனம் பாதுகாப்பாக இருந்து கவனிப்பதில் தனி இன்பம் உண்டு என்கிறார் அவர். பேய்வீட்டுப் படத்திலும் இதயம் ஓடச் சொல்கிறது. கையில் முறுக்குத் தட்டுடன் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த இன்பத்துக்கு அளவு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகக் குழு, கேளிக்கைக்கான பேய்வீடு ஒன்றுக்குள் சென்ற 110 பேரின் இதயத்துடிப்பைப் பதிந்து, அவர்கள் சொன்ன அச்சத்தையும் மகிழ்ச்சியையும் அத்துடன் ஒப்பிட்டது. மிகக் குறைந்த அச்சமும் மிகையான அச்சமும் மகிழ்ச்சியைக் குறைத்தன. நடுவிலோர் அளவில்தான் அது உச்சம் தொட்டது. வீட்டில் படம் பார்ப்பவர் இந்த அளவைத் தாமே சரிசெய்துகொள்கிறார்: விளக்கைப் போடுகிறார், ஒலியைக் குறைக்கிறார், விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறார். ஆனால் அசையாத கேமராவின் முன் கண்ணை முழுவதும் மூடிக்கொள்வது பயன் தருவதில்லை. முழக்கம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கதவருகே என்ன வந்து நிற்கிறது என்பதை மூளை தானே வரையத் தொடங்கிவிடும். அதனால்தான் முகத்தை மூடிய கைகளில் இரண்டு விரல்கள் மட்டும் மெல்ல விலகுகின்றன.