போட்டி முன்னிலை: சொல்லும் பொருளும்

ஒரே சந்தையில் தொழில் செய்யும் பலருள் ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் எளிதில் கைக்கொள்ள முடியாத வலு அமைந்து, அதனால் அவர் குறைந்த செலவிலோ உயர்ந்த தரத்திலோ கூடுதல் இலாபம் ஈட்டினால், அந்த வலுவை வணிகவியலார் 'காம்பெட்டிட்டிவ் அட்வான்டேஜ்' என்பர். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980களில் இத்தொடரைப் பரவலாக்கினார். 'முன்' எனப் பொருள்படும் 'அவான்' என்ற பிரெஞ்சுச் சொல்லே 'அட்வான்டேஜ்' என்பதன் வேர். இடையிலுள்ள 'ட்' ஒலி, சொல்லின் தொடக்கத்தை 'அட்' என்ற இலத்தீன் முன்னொட்டு எனப் பிழையாகக் கருதிப் பின்னாளில் சேர்க்கப்பட்டது.

தமிழில் 'போட்டி அனுகூலம்' என்று எழுதுவோர் உளர். 'கூலம்' என்றால் கரை. கரையை ஒட்டி, நீரோட்டத்துக்கு இசைந்து செல்வதே வடமொழியில் அனுகூலம். சூழல் தானே வந்து உதவுவதைச் சொல்ல அது பொருத்தமான சொல். முயன்று முந்தி நிற்பதைச் சொல்லப் போதாது. எனவே 'போட்டி முன்னிலை' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். வாக்கு எண்ணிக்கையில் முன்னிலை என்றால் அது அந்தச் சுற்றோடு மாறக்கூடியது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை; இக்கலைச்சொல்லுக்கும் அந்தக் குறிப்பு வேண்டும்.

இத்தகைய முன்னிலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குச் செட்டிநாட்டார் பர்மாவில் நடத்திய லேவாதேவியே, அதாவது வட்டிக்கடைத் தொழிலே, தெளிவான சான்று. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின், நெல் வயலுக்குக் கடன் கொடுப்பதில் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாருக்கு நிகர் யாருமில்லை. தங்களுக்குள் நம்பிக்கையின்பேரில் பணம் புரட்டிக்கொண்டார்கள். ரங்கூனில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் ஐந்தொகை எனும் இருப்புநிலைக் கணக்கைப் போடப் பழகி, துணைப் பொறுப்பாளரான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளரான மேலாளாக உயர்ந்தான். வெளியார் விலை கொடுத்து வாங்க முடியாத வலு இது. ஆனால் 1930இல் நெல் விலை சரிந்ததும் கடனுக்கு ஈடாக நிலமே வந்து சேர்ந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலம், அப்பத்தாண்டின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. பார்வைக்கு அது சொத்துப் பெருக்கம். உண்மையில், ஓடிக்கொண்டிருந்தவரை வலுவாக இருந்த பணம் வயலில் முடங்கிவிட்டது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டமும் அதையும் பறித்தன.

எனினும் எல்லாருக்கும் அத்துடன் முடிந்துவிடவில்லை. பர்மாவின் மௌல்மீன் நகரில் லேவாதேவி நடத்திய பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தினர் போருக்கு முன்பே மூலதனத்தைத் தாயகத்துக்குத் திருப்பி, 1949இல் சைக்கிள் உற்பத்தியில் இறங்கினர்.