அடிநாக்கில் கட்டி இருந்தால் காது ஏன் வலிக்கிறது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு ரெண்டு மாசமா வலது காதுல வலி. நல்லெண்ணெய் காய்ச்சி விட்டோம், சொட்டு மருந்தும் விட்டோம். கேட்கல. இப்போ அடிநாக்குல புற்றுநோய்ங்கறாங்க. காது வரைக்கும் பரவிடுச்சா?"

பெரும்பாலும் அப்படி இல்லை. இந்த மாதிரி நோயாளிகளின் காதைக் கருவி வைத்துப் பார்த்தால் செவிப்பறை பளிச்சென்று இருக்கும். வலி மட்டும்தான் அங்கே.

புகையிலை, பாக்கு, மது, சில தொண்டைப் புற்றுகளில் எச்பிவி வைரஸ் என்று காரணங்கள் பலருக்கும் தெரிந்தவை. காது வலியின் கதைதான் அதிகம் பேசப்படாதது.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. ஐந்தாவதின் தாடைக் கிளை நாக்கின் முன்பகுதிக்கும் கீழ்வரிசைப் பற்களுக்கும் போகிறது. அதன் இன்னொரு கிளை காதுக்கு முன்னால் ஏறிக் காதுக்குழாயைத் தொடுகிறது. ஒன்பதாவது நரம்பு அடிநாக்கையும் டான்சிலையும் கவனிக்கிறது. அதன் மெல்லிய இழை ஒன்று எலும்பைத் துளைத்து நடுக்காதுக்குள் நுழைகிறது. பத்தாவது குரல்வளையைத் தாண்டி வயிறு வரை இறங்குகிற நீண்ட நரம்பு. அதுவும் காதுக்குழாய்க்கு ஒரு சின்னக் கிளையை அனுப்பியிருக்கிறது. கோழி இறகால் காது குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வருமே, அது இந்தக் கிளையின் வேலை. காதில் தொட்டால் தொண்டை பதில் சொல்கிறது! ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயரைத்தான் அந்தக் கிளைக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் போய்ச் சேர்கின்றன. குளிர்காற்று, கொசுக்கடி என்று காதின் தோலிலிருந்து வாழ்நாள் முழுக்கச் செய்தி வந்து மூளைக்குப் பழக்கம். அடிநாக்கிலிருந்து அப்படி வருவது அபூர்வம். அதனால் கட்டி அழுத்தும்போது வருகிற வலியையும் மூளை காதின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இதே வழியில்தான்.

ஆகவே புகையிலைப் பழக்கம் உள்ள பெரியவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் வலித்து, காதில் ஒன்றும் தெரியாவிட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு அடிநாக்கையும் குரல்வளையையும் பார்க்க வேண்டும். டார்ச் அடித்தால் அந்த இடம் தெரியாது. கட்டி தெரிந்தால் சதைப் பரிசோதனை. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் சொல்வதை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பேச்சால் வீணாகும் மாதங்களில்தான் நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்கு இறங்குகிறது.

டார்ச்சுக்கும் வேலை உண்டு, வாய்க்குள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைத் திறந்து பார்த்து நடத்திய பெரிய ஆய்வு 2005இல் வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வீடு தேடி வரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். அரசு இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்பாவின் காது வலி போகுமா? சிகிச்சையில் கட்டி சுருங்கச் சுருங்கப் பலருக்கு வலியும் குறைகிறது. ஆனால் கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் தொண்டை புண்ணாகும். அப்போதும் அதே நரம்பு வழியாகக் காது வலிக்கலாம். நோய் ஏறிவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வலிக்கு மருந்து தருவார். காதில் எண்ணெய் மட்டும் இனி வேண்டாம்.