ஜிகினாத் தூள் கண்ணில் விழுந்தால்: 'நான்-டாக்ஸிக்' முத்திரை காப்பாற்றாது

இந்த மாதமும் கண்ணில் ஜிகினா விழுந்த கேஸ் ஒன்று வந்துவிட்டது. ஸ்க்ராப்புக்கில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஒட்டாமல் மிஞ்சிய ஜிகினாத் தூளை வாயால் ஊதியிருக்கிறாள். அன்றைக்கே வந்திருந்தால் சில நிமிட வேலை. இரண்டு நாள் கண்ணைக் கசக்கிவிட்டு வந்ததால் கருவிழியில் கீறலுக்கு மேல் கீறல். "டப்பாவிலேயே நான்-டாக்ஸிக்னு போட்டிருக்கே டாக்டர்" என்றார் அம்மா.

கண் மருத்துவராக இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அந்த முத்திரை வேதிப்பொருளைப் பற்றியது. சொன்னபடி பயன்படுத்தினால் இது உடலுக்கு விஷமாகாது என்கிறது, அவ்வளவுதான். துணுக்கின் விளிம்பு கூர்மையா, கண்ணில் பட்டால் கீறுமா என்பதற்கு அதில் பதிலே கிடையாது. கைவேலைக்கு விற்கும் ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியம் பூசி, அறுகோணமாக வெட்டிய துணுக்கு. தண்ணீர் பாட்டிலுக்குப் பயன்படும் பெட் பிளாஸ்டிக்தான் அது. கண்ணீரில் கரையாது, மென்மையாகாது, ஆறு மூலையும் அப்படியே இருக்கும். கருவிழியின் மேல்தோலோ சுமார் 0.05 மி.மீ. தடிமன்தான். விஷமில்லாத ஊசியும் குத்தத்தான் செய்யும். கண்ணாடி ஜிகினா என்று விற்பது நிஜமான கண்ணாடித் துகள். தயவுசெய்து அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கண்ணீர் சில துணுக்குகளை வெளியே தள்ளிவிடும், உண்மைதான். ஆனால் ஒன்று மேலிமையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு கீறல் விழும். சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது, கருவிழியில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரிந்தால் நாங்கள் உடனே இமையைப் புரட்டிப் பார்ப்பது அதனால்தான்.

தூள் விழுந்துவிட்டால் கசக்க வேண்டாம். கையைக் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரால் கண்ணை நன்றாக அலசுங்கள். துணி முனை, பட்ஸ், விரல் நகம் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. அலசிய பிறகும் உறுத்தல், கூச்சம், மங்கல் இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் மீந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடாதீர்கள், கிருமித்தொற்று இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். பரிசோதனையின்போது நாங்கள் விடும் மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்கு எழுதித் தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். தர மாட்டோம். தொடர்ந்து விட்டால் புண் ஆறாது, கருவிழியே கெட்டுப்போகும்.

பசைக்கு வருவோம். வெள்ளைப் பசையால் பெரிய வம்பு இல்லை, அலசினால் போதும். என்னைப் பயமுறுத்துவது சூப்பர் க்ளூ. ஈரம் பட்டதும் இறுகுவது அதன் குணம்; கண்ணோ எப்போதும் ஈரம். முனை அடைத்துக்கொண்ட டியூபை முகத்துக்கு நேரே பிடித்து அழுத்துகிறார்கள், பல்லால் கடித்துத் திறக்கிறார்கள். சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாற்றி எடுத்துக் கண்ணில் விட்டவர்களும் உண்டு. மருந்து இருக்கும் அலமாரியில் பசைக்கு இடமே இருக்கக் கூடாது.

இமை ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். கத்தரிக்கோல் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் அசிட்டோன் கண்ணைப் பொசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரால் அலசிவிட்டு, ஈரத்துணியை இமைமேல் லேசாக வைத்தபடி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பெரும்பாலும் இமைகள் சில நாளில் தாமாகவே பிரிந்துவிடும். உள்ளே இறுகிய துண்டு கருவிழியை உரசுகிறதா என்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும். கருவிழியில் சிறு ஓட்டை விழுந்தால் இதே குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவப் பசையை வைத்து நாங்களே அடைப்பதுண்டு. அதைக் கேள்விப்பட்டுவிட்டு, அப்படியானால் கடைப் பசையும் கண்ணுக்கு ஆகும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னின் சூடு தோலைச் சுட்டால் பசையைப் பிய்க்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

அலங்காரத்தையே விட்டுவிடச் சொல்லவில்லை. கொஞ்சம் முறையாகச் செய்யுங்கள், போதும். பசை தடவிய இடத்தில் மட்டும், விளிம்புள்ள தட்டின் மேல் வைத்து, தாழ்வாகத் தூவுங்கள். மிச்சத்தை ஊதாதீர்கள், தாளைச் சாய்த்துத் தட்டி டப்பாவிலேயே கொட்டுங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். நேர்த்தியான விளிம்பு வேண்டுமானால் இரட்டைப் பக்க டேப்பை வெட்டி ஒட்டி அதன்மேல் தூவலாம், சூப்பர் க்ளூவுக்கு வேலையே இல்லை. சின்னக் குழந்தைகளுக்குத் தூளே வேண்டாம், டியூபில் வரும் கிளிட்டர் பசை போதும். அப்புறம், லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடியோடு உட்காருங்கள். சோப்பு போட்டுக் கையைக் கழுவும்வரை கண் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.