வாந்தி எடுத்தது எந்த நாய்?

எங்கள் கால்நடை மருத்துவமனையில் இரவு எட்டரைக்கு மேல்தான் கூட்டம் சேரும். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து வீடு திரும்பியவர்கள், கதவைத் திறந்ததும் கண்டதைப் பார்த்துப் பதறி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொங்க நாயோடு வந்து நிற்பார்கள். அப்படி வந்த ஒரு தம்பதியைப் பற்றி முதலில் சொல்கிறேன். இரண்டு லாப்ரடார்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று பழுப்பு, இன்னொன்று கறுப்பு.

"கூடத்தில் வாந்தி எடுத்து வைத்திருக்கிறது, டாக்டர்."

"எது எடுத்தது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேற்று ஒழுங்காகச் சாப்பிட்டனவா?"

"சாயங்காலம் வந்து பார்த்தபோது இரண்டு தட்டும் காலியாகத்தான் இருந்தன, சார்."

"மலம் எப்படிப் போகிறது?"

"மொட்டை மாடியில் விட்டுவிடுவோம். கவனித்ததில்லை."

இரண்டையும் தராசில் ஏற்றினேன். மூன்று மாதத்துக்கு முன் அட்டையில் குறித்திருந்த எடையைவிடக் கறுப்பு நாய் நான்கு கிலோ குறைந்திருந்தது. பழுப்பு இரண்டு கிலோ ஏறியிருந்தது. கறுப்பின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்தது. அதில் ஊசி முனையால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். காது மடிப்பைத் திருப்பினால் உள்ளே வரிசையாக உண்ணிகள். இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணிக்காய்ச்சல்தான்.

தட்டுகள் காலியானது உண்மை. இரண்டையும் காலி செய்தது பழுப்பு நாய். காலை எட்டு மணிக்கு உணவை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஒரு நாய் மட்டும் இருந்திருந்தால், முதல் நாளே உணவு தட்டில் மீந்திருக்கும். அன்றே தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான்கு வார மாத்திரைக்குப் பிறகு கறுப்பு தேறிவிட்டது. ஆனால் இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்னால் அதே நம்பிக்கையோடு சிகிச்சையைத் தொடங்கியிருக்க முடியாது.

வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு நாய்கள் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வளர்க்கலாம். நன்றாக வளர்ப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நேரம், செலவு, இடம் என்று எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாய்கள் இருக்கும் வீட்டில் ஒன்றின் நோய் இன்னொன்றின் பின்னால் மறைந்துகொள்ளும். பொதுவான தண்ணீர்ப் பாத்திரத்தில் எது அதிகம் குடிக்கிறது என்று தெரியாது. சிறுநீரகக் கோளாறும் நீரிழிவும் முதலில் தலைகாட்டுவது அந்தப் பாத்திரத்தில்தான். இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து சில வாரங்களில் பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் வைத்தால், தரையில் சொட்டும் கசிவை மற்ற நாய் நக்கிச் சுத்தம் செய்துவிடும். நீங்கள் வருவதற்குள் தடயமே இருக்காது. வீட்டில் பத்து மணி நேரம் ஆளும் இல்லை என்றால், பிறகு நாங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது: ஒவ்வொரு நாயையும் தினமும் சிறிது நேரமாவது தனித்தனியாகப் பாருங்கள். உணவைத் தனித்தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மீந்திருந்தால் எவ்வளவு என்று பாருங்கள். ஒருநாள் சாப்பிடாவிட்டால் கவனியுங்கள். இரண்டாவது நாளும் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் வாருங்கள். குட்டியாக இருந்தால் அந்த இரண்டாவது நாளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றிலும் உண்ணி தேடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை எடை. சின்ன நாய் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொண்டால் போதும்.

தடுப்பூசி அட்டையும் தனித்தனியாக இருக்கட்டும். அட்டையில் பெயரோடு நிறமும் அடையாளமும் எழுதி வையுங்கள். ஒரே நாய்க்கு இரண்டு முறை ரேபிஸ் ஊசி போட்டு, இன்னொன்றுக்குப் போடாமலே விட்டுவிட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு நாள் கூட்டிவந்ததில் நேர்ந்த குழப்பம் அது. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கும் ஒவ்வொரு நாய்க்கும் தனியாக ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

உண்ணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது சிறு பங்குதான். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, "இதற்கு உண்ணியே இல்லையே" என்று மற்றதை விட்டுவிட்டால் அந்தப் பணம் வீண். இரண்டுக்கும் ஒரே நாளில், அதனதன் எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். சுவர் இடுக்குகளையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கும்.

இனி, இரண்டாவது நாயை ஏன் வாங்குகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். பத்தில் எட்டுப் பேர் சொல்லும் காரணம், "இது தனியாக இருக்கிறது, துணைக்கு ஒன்று." கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது வாங்கிய குட்டிகள் எத்தனையோ. அவை பிறந்ததிலிருந்து வீட்டில் ஆளில்லாமல் ஒரு பகல்கூடக் கழித்ததில்லை. அலுவலகங்கள் மீண்டும் அழைத்தபோது கதவைப் பிறாண்டின, ஊளையிட்டன, சோபாவைக் கிழித்தன. பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்தில் புகார் எழுதினார். உடனே துணைக்கு இன்னொன்று வந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து ஊளையிடுகின்றன.

பழைய கைப்பேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் கிளம்பிய முதல் ஒரு மணி நேரத்தைப் பதிவு செய்து பாருங்கள். நீங்கள் போன சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, எச்சில் வடித்து, வாசல் கதவையே சுற்றிச் சுற்றி வந்தால் அது பிரிவுப் பதற்றம். அந்த நாய் ஏங்குவது உங்களுக்காக. பக்கத்தில் பத்து நாய்கள் இருந்தாலும் அந்த ஏக்கம் தீராது. இரண்டு நிமிடம் வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, அஞ்சாமல் இருக்கும் அளவுக்குள் நேரத்தை மெல்ல மெல்ல நீட்டிப் பழக்க வேண்டும். சிலவற்றுக்கு மருந்தும் தேவைப்படும். மாறாக, மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து, பிறகு செருப்பைக் கடித்தால் அது வெறும் சலிப்பு. அதற்கு நல்ல காலைநடையும் மோப்பம் பிடித்துத் தேடித் தின்ன நாலு வாய் உணவும் போதும். இரண்டில் எதற்கும் இரண்டாவது நாய் மருந்தல்ல. முதல் நாயின் பகல் அமைதியாகக் கழியும்போதுதான் இரண்டாவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்குவதை வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. பகல் முழுவதும் அவை ஒன்றுக்கொன்று உலகமாகிவிடும். மனிதர் சொல்லைக் கேட்கப் பழகுவது தள்ளிப்போகும். தனியாக ஓர் அறையில் விட்டால் இரண்டும் கதறும். அதில் ஒன்று கடுவன், ஒன்று பெட்டை என்றால் இன்னொரு சிக்கல். "அண்ணன் தங்கைதானே, டாக்டர், அப்படியெல்லாம் நடக்காது" என்று ஓர் அம்மா என்னிடம் உறுதியாகச் சொன்னார். நாய்களுக்கு அந்த உறவுமுறை கிடையாது. எட்டாம் மாதத்தில் பெட்டை பருவத்துக்கு வந்தது. கருவுற்ற சுமார் 63 நாளில், தானே இன்னும் குட்டியாக இருந்த அது, ஐந்து குட்டிகளைப் போட்டது. பருவ காலம் ஏறக்குறைய மூன்று வாரம் நீளும். ஆளில்லாத வீட்டில் ஓர் உள்கதவை நம்பி மூன்று வாரம் இரண்டையும் பிரித்து வைக்க முடியாது. கருத்தடை அறுவை சிகிச்சையை எப்போது செய்யலாம் என்று இனத்தையும் எடையையும் வைத்து உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இரண்டாவது நாய் வரப்போகிறது என்றால், முதல் நாய்க்கு இரண்டு வயதாவது ஆகியிருக்கட்டும். குட்டியை முதல் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ கிருமியோடு வரும் குட்டி முதல் சில நாள் துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும்; சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசலில்தான் சாகும். மூன்று மாதக் குட்டியால் நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நண்பகலில் வந்துபோக ஓர் ஆள் இல்லாத வீட்டுக்குக் குட்டி வேண்டாம். நன்கு வளர்ந்த, அமைதியான நாயாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது, நான் மறக்க முடியாத ஒரு மாலை. இரண்டு நாய்கள் விளையாடும்போது ஒன்றன் கழுத்தை ஒன்று வாயால் கவ்வும், பார்த்திருப்பீர்கள். அப்படிக் கவ்விய நாயின் கீழ்த்தாடை மற்றதன் கழுத்துப்பட்டைக்குள் மாட்டிக்கொண்டது. விடுவிக்க உருண்டபோது பட்டை முறுக்கி இறுகிவிட்டது. வீட்டில் யாருமில்லை. என்னிடம் கொண்டுவந்தபோது ஒன்று இறந்திருந்தது. மற்றதன் தாடையில் ஆழமான வெட்டு. அவை சண்டையே போடவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரே பாயில் படுத்தவை. வீட்டைப் பூட்டும் முன் இரண்டின் கழுத்துப்பட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை நாளைக் காலையிலிருந்து செய்யுங்கள்.

உண்மையான சண்டைகள் பெரும்பாலும் நீங்கள் வீடு திரும்பும் நொடியில்தான் நடக்கின்றன. சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் இரண்டும் வாசலுக்குப் பாயும். இடம் குறுகல், பரபரப்பு அதிகம். உள்ளே நுழைந்ததும் கொஞ்சாதீர்கள். பையை வைத்து, கையைக் கழுவி, அவை நான்கு காலும் தரையில் பட நின்ற பிறகு தொடுங்கள். எலும்பு, பிடித்த பந்து போன்றவற்றைக் காலையிலேயே எடுத்து மேலே வைத்துவிடுங்கள். ஒருமுறை இரத்தம் வரச் சண்டை போட்ட நாய்களை ஆளில்லாத நேரத்தில் சேர்த்து விடவே கூடாது. இரண்டு பெட்டைகளுக்குள் வரும் பகை பல வீடுகளில் தீர்வதே இல்லை. சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு போர்வையை மேலே வீசுங்கள், அல்லது நாற்காலியை இடையில் தள்ளுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் பூட்டிய வீடு அடுப்பாகிவிடும். நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்தே குளிர்கிறது. சென்னையின் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகப் போகாதீர்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பால்கனியில் அடைத்துவிட்டுப் போகவே கூடாது. தண்ணீர் இரண்டு மூன்று இடங்களில், கவிழாத கனத்த பாத்திரத்தில் இருக்கட்டும். நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. உடனே குழாய்த் தண்ணீரால் உடலை நனைத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்துக் குளிர்வித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

சங்கிலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டும் சண்டை போடுகின்றன என்று ஒன்றை நாள் முழுவதும் கட்டிப்போடுவது எளிய தீர்வாகத் தோன்றும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு, வழக்கமாகக் கட்டி வைத்த அல்லது அடைத்து வைத்த நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பதையே வதை என்கிறது. காலையில் ஒன்றை அரை மணி நேரம், இரவில் மற்றதை அரை மணி நேரம் தனியாகவும், இன்னொரு வேளை இரண்டையும் சேர்த்தும் நடத்திப் பாருங்கள். தனியாக நடக்கும்போதுதான் அது நொண்டுகிறதா, சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறதா, எதைக் கண்டு பயப்படுகிறது என்பதெல்லாம் தெரியும். வீட்டில் இருவர் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கொரு நாய் என்று நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ள வேண்டாம். வாரா வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "என்னால் ஒன்றைத்தான் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியும்" என்று நீங்கள் முடிவு செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே இரண்டு வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். நண்பகலுக்கு ஆள் பிடித்துத் தரலாம், பழக்கத்தை மாற்றப் பார்க்கலாம், ஒன்றுமே ஆகவில்லை என்றால் நல்ல வீடு தேடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். அதே 11-ஆவது பிரிவின்படி, பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் கைவிடுவதும் குற்றம்தான். வீட்டில் வளர்ந்த நாய்க்கு இரை தேடத் தெரியாது. அந்தத் தெருவின் நாய்கள் அதைச் சேர்க்கவும் மாட்டா. கண்டெடுத்து எங்களிடம் கொண்டுவரப்படுபவை பல நாள் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன.

புதிய வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தடுப்பூசி அட்டையையும், அது சாப்பிடும் உணவில் ஒரு வாரத்துக்கானதையும் கொடுத்தனுப்புங்கள். எந்த நேரத்தில் வெளியே போகும், எதற்குப் பயப்படும், எந்தப் பெயருக்குத் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே வையுங்கள்.